தீனியின் தீனி என்ன?

(கோழிக்குஞ்சுக்குப் பூச்சி பிடிக்கிறவர்களுக்காக ஒரு கட்டுரை)



இந்த முறை சுவர் இதழுக்கு நான் எழுத எடுத்துக்கொண்டது பூச்சிகளைப் பற்றி. பூச்சியைப் பற்றி எழுத என்ன இருக்குன்னு நினைத்துப் பாதியில் போய்விடாதீர்கள். நம்ம வகுப்பில் பாதிப்பேர் வீட்டில் கோழி இருக்கு. சாயங்காலம் ஆனால் குஞ்சுக்குப் பூச்சி பிடிக்க வரப்புக்கு ஓடுகிறவர்களும் நிறையப்பேர் இருக்கிறோம். நானும் அப்படி ஓடியவள்தான். நான் செய்த ஒரு தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நடந்தது என்ன?

போன வருஷம் ஆவணி மாதம் எங்கள் கோழி 9 குஞ்சு பொரிச்சது. எல்லாம் சிறுவிடைக் குஞ்சு. "குஞ்சுக்குப் பூச்சி போட்டாத்தான் சீக்கிரம் றெக்கை கட்டும் பாப்பா" என்று ஆயா சொன்னாங்க. நான் தினமும் பள்ளி விட்டதும் ஒரு காலி பாட்டிலை எடுத்துக்கொண்டு மல்லாட்டைக் கொல்லைப் பக்கம் போவேன். வெட்டுக்கிளி சும்மா மாட்டாது. கையை நீட்டுவதற்குள் பத்தடி தள்ளிப் போய் உட்காரும். ஒரு மணி நேரத்தில் பத்து கிடைத்தால் பெரிசு.

ஒரு நாள் மட்டும் ரொம்ப சுலபமாகக் கிடைச்சது. எந்த வெட்டுக்கிளியும் குதிக்கவே இல்லை. இலை மேலே சும்மா உட்கார்ந்திருந்தது. கொஞ்சம் கீழேயும் விழுந்து கிடந்தது. பூப்பறிக்கிற மாதிரி பறித்தேன். முப்பதுக்கு மேல் கிடைத்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் குஞ்சுகளுக்குப் போட்டேன். குஞ்சுகள் அடித்துப் பிடித்துத் தின்றன.

விளக்கு வைக்கிற நேரத்தில் குஞ்சுகள் தள்ளாட ஆரம்பித்தன. வாயில் நீர் ஒழுகியது. றெக்கை தொங்கிப் போச்சு. கழுத்தை நிமிர்த்த முடியாமல் மண்ணில் போட்டுக்கொண்டன. ராத்திரி சாப்பாட்டுக்குள் 5 குஞ்சு செத்துப் போச்சு. தாய்க்கோழி அதுங்களைச் சுற்றிச் சுற்றி வந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள்தான் தெரிந்தது, அந்தக் கொல்லைக்கு அன்று காலையில் மருந்து அடித்திருக்கிறார்கள். வெட்டுக்கிளி குதிக்காமல் உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் அதுதான். அது ஏற்கெனவே செத்துக்கொண்டிருந்தது. மருந்து அடித்தவர்கள் மேல் தப்பு இல்லை. அவர்கள் பயிரைக் காப்பாற்ற அடித்தார்கள். ஒரு பூச்சி ஏன் ஓடவில்லை என்று யோசிக்காதது என் தப்பு.

அதற்கப்புறம் பூச்சித்தீனி பற்றிக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைக் கீழே எழுதுகிறேன்.

1. குஞ்சுக்குப் பூச்சி எதற்கு?

கோழி முட்டை 21 நாளில் பொரிக்கும். வெளியே வரும்போது குஞ்சின் உடம்பில் பஞ்சு மாதிரி தூவிதான் இருக்கும். சில வாரத்துக்குள் அது றெக்கையும் இறகும் கட்டியாக வேண்டும். இறகு என்பது ஏறக்குறைய முழுக்கவே புரதம். அதனால்தான் குஞ்சுத் தீவனத்தில் நூற்றுக்கு 20 பங்கு அளவுக்குப் புரதம் இருக்க வேண்டும் என்கிறார்கள். நாம் போடும் அரிசி நொய்யில் 7 அல்லது 8 பங்குதான் இருக்கு. கம்பில் 11 பங்கு சுமாராக இருக்கும். மீதியைத் தாய்க்கோழி குப்பையைக் கிளறிப் பூச்சியாகவும் புழுவாகவும் எடுத்துக் கொடுக்கிறது. ஆக, ஆயா சொன்னது சரிதான். பூச்சி நல்ல தீனி. ஆனால் எந்தப் பூச்சி என்பதில்தான் விஷயமே இருக்கு.

2. பச்சோந்தி சொல்லித் தந்த கணக்கு

கோழியாவது நொய்யும் தின்னும், கீரையும் தின்னும். பூச்சியை மட்டுமே நம்பி இருக்கிற பிராணி ஒன்று நம்ம ஊர் வேலியிலேயே இருக்கு. அதுதான் பச்சோந்தி. இந்தியாவில் ஒரே ஒரு பச்சோந்தி இனம்தான் உண்டு. அது இலங்கையிலும் இருக்கிறது. இரண்டு கண்ணையும் தனித்தனியாகத் திருப்பும். நாக்கை நீட்டினால் உடம்பு நீளத்துக்கு மேலேயே போகும். நாக்கு நுனி பசை மாதிரி ஒட்டும். அதில் பூச்சியை ஒட்டி இழுத்துவிடும்.

எங்கள் தெருப் பசங்க ஒரு தடவை ஒன்றைப் பிடித்துச் செருப்புப் பெட்டியில் வைத்திருந்தார்கள். சோறு போட்டார்கள், தக்காளி போட்டார்கள், செத்த ஈயைப் போட்டார்கள். எதையும் தொடவில்லை. கிண்ணத்தில் வைத்த தண்ணியையும் குடிக்கவில்லை. பச்சோந்திக்கு இரை அசைய வேண்டும். தண்ணியையும் அது இலை மேலே நிற்கும் சொட்டாகப் பார்த்துத்தான் நக்கிக் குடிக்கும். இது தெரியாமல் இரண்டு நாள் பட்டினி போட்டாயிற்று. அப்புறம் நாகநதிக் கரை வேலியில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள்.

ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம்ம நாட்டுப் பச்சோந்தியைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். அதற்கு விஷமும் கிடையாது. ரோட்டைக் கடக்க முடியாமல் ஆடி ஆடி நின்றால் ஒரு குச்சியை நீட்டுங்கள். ஏறிக்கொள்ளும். அது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கமே கொண்டுபோய் விட்டுவிடுங்கள்.

வெளிநாடுகளில் மடகாஸ்கர் தீவுப் பச்சோந்தியையும் ஏமன் நாட்டுப் பச்சோந்தியையும் கண்ணாடிக் கூண்டிலும் வலைக் கூண்டிலும் வளர்க்கிறார்கள். அதற்காகவே சுவர்க்கோழிப் பூச்சியை டப்பாவில் வளர்க்கிறார்கள். அவர்கள் வைத்திருக்கும் கணக்கு மூன்று:

ஒன்று, அளவு. பச்சோந்தியின் இரண்டு கண்ணுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளியோ அதைவிடப் பெரிய பூச்சியைக் கொடுப்பதில்லை.

இரண்டு, பூச்சியின் வயிறு. கொடுப்பதற்கு முந்தின நாளே சுவர்க்கோழிக்குக் கீரையும் கேரட்டும் வயிறு நிறையப் போடுகிறார்கள். வெறும் வயிற்றோடு இருக்கும் பூச்சி வெறும் ஓடு மாதிரி. நல்லதைத் தின்ற பூச்சியின் வயிற்றில் இருப்பதும் சேர்ந்து பச்சோந்திக்குப் போகும்.

மூன்று, சுண்ணாம்புச் சத்து. சுவர்க்கோழி மாதிரிப் பூச்சிகளில் சுண்ணாம்புச் சத்து ரொம்பக் குறைவு. அதையே தின்றால் பச்சோந்திக்கு எலும்பு மெத்தென்று ஆகிக் கால் வளைந்துவிடும். அதனால் சுண்ணாம்புச் சத்துப் பொடியைப் பூச்சி மேல் தூவிக் கொடுக்கிறார்கள்.

அந்த இரண்டாவது கணக்கைப் படித்தபோதுதான் எனக்குச் சுருக்கென்று பட்டது. பூச்சி தின்ற கீரை பச்சோந்திக்குப் போகும் என்றால், பூச்சி தின்ற மருந்தும் அப்படித்தானே போகும்? என் பாட்டிலில் இருந்த வெட்டுக்கிளிகளும் அப்படித்தான். குஞ்சுக்குத் தீனி வெட்டுக்கிளி. வெட்டுக்கிளிக்குத் தீனி மருந்து பட்ட இலை. தீனியின் தீனி என்ன என்று பார்க்காமல் விட்டுவிட்டேன்.

3. எது ஆகும், எது ஆகாது?

கொடுக்கலாம்:

• கரையான். எப்படிச் சேர்ப்பது என்று அடுத்த பகுதியில் சொல்கிறேன்.
• ஈசல். முதல் மழை விட்ட ராத்திரி விளக்கடியில் ஒரு அகலத் தட்டில் தண்ணி வைத்தால் வந்து விழும்.
• வெட்டுக்கிளி. மருந்து அடிக்காத இடத்தில் பிடித்ததாக, நன்றாகக் குதிப்பதாக இருக்க வேண்டும். சின்னக் குஞ்சுக்குச் சின்னதாகப் பார்த்துப் போடுங்கள்.

கொடுக்கவே கூடாது:

• எருக்கஞ்செடியில் இருக்கும் மஞ்சளும் நீலமும் கோடு போட்ட வெட்டுக்கிளி. எருக்கம்பால் நஞ்சை அது தன் உடம்பிலேயே சேர்த்து வைத்துக்கொள்ளும். தொட்டால் பீச்சியும் அடிக்கும். பாருங்கள், இதற்கும் தீனிதான் காரணம்.
• அவரைப் பூ, துவரம் பூவில் உட்காரும் கறுப்பில் ஆரஞ்சுப் பட்டை போட்ட வண்டு. இதன் நீர் பட்டால் நம் தோலே கொப்புளிக்கும். அதனால் கொப்புள வண்டு என்று பெயர்.
• கம்பளிப்பூச்சி.
• மின்மினி. அமெரிக்காவில் உள்ள ஒரு வகை மின்மினியைத் தின்று, கூண்டில் வளர்த்த ஓணான் இனம் செத்திருக்கிறது.
• செத்த பிராணியில் நெளியும் புழு. அதில் இருக்கும் நஞ்சால் கோழிக்குக் கழுத்து தொங்கிப்போகும் நோய் வரும்.
• ஈ, சாண வண்டு. இவை வழியாகக் கோழி வயிற்றுக்குள் நாடாப்புழு போகும்.
• கொசு மருந்து, கரையான் மருந்து அடித்த இடத்தில் கிடக்கும் எந்தப் பூச்சியும்.

நினைவில் வைக்க ஒரு வழி: பளிச்சென்று நிறம் காட்டிக்கொண்டு பயமில்லாமல் உட்கார்ந்திருக்கும் பூச்சிக்கு உள்ளே நஞ்சு இருக்கலாம். சாதாரண நிறத்தில் இருந்தும் ஓடாமல் உட்கார்ந்திருந்தால் அதற்கு யாரோ நஞ்சு வைத்திருக்கலாம். இரண்டையும் தொடாதீர்கள்.

4. கரையான் பானை வைக்கும் முறை

நம்ம தமிழ்நாட்டில் கிராமங்களில் ரொம்ப நாளாக இருக்கிற முறை இது. கால்நடைத் துறையில் இருப்பவர்களும் இதைச் சொல்லித் தருகிறார்கள். செலவு ஒரு பைசா இல்லை. காய்ந்த கரையானில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் புரதம் இருக்கு.

தேவையானவை: ஒரு பழைய மண்பானை, கிழிந்த சணல் கோணி, காய்ந்த சாணி, சோளத்தட்டு, ஓலை அல்லது தென்னை மட்டைத் துண்டு, கொஞ்சம் தண்ணி.

செய்முறை:

(1) கோணி, சாணி, தட்டு, ஓலை எல்லாவற்றையும் பானைக்குள் திணிக்க வேண்டும். பிளாஸ்டிக் சாக்கு உதவாது. கரையான் அதைத் தின்னாது.

(2) தண்ணி தெளித்து ஈரமாக்க வேண்டும். சொட்டச் சொட்ட வேண்டாம்.

(3) சாயங்காலம் மண் தரையில், நிழலில், பக்கத்தில் கரையான் நடமாட்டம் இருக்கும் இடமாகப் பார்த்துப் பானையைக் கவிழ்த்து வைக்க வேண்டும். மேலே ஒரு கல்லை வைத்தால் நாய் தள்ளாது.

(4) மறுநாள் வெயில் ஏறுவதற்கு முன் பானையை நிமிர்த்திப் பாருங்கள். கரையான் மொய்த்திருக்கும். வெளிச்சம் பட்டால் மண்ணுக்குள் இறங்கிவிடும். அதனால் உடனே குஞ்சுகள் இருக்கும் இடத்துக்கு எடுத்துப்போய் உதற வேண்டும். செம்மண் பூமியில் நிறையச் சேரும். வேறு மண்ணில் கொஞ்சம் குறையும். ஒரு பானை பத்துப் பதினைந்து குஞ்சுக்குப் போதும்.

(5) மீதிச் சாணியையும் கோணியையும் திரும்பப் பானையில் போட்டு, தண்ணி தெளித்து மறுபடி கவிழ்க்கலாம். இரண்டு பானை இருந்தால் மாற்றி மாற்றி வைக்கலாம்.

பானைக்கு வருவது வேலைக்காரக் கரையான்தான். ராணிக் கரையான் புற்றுக்குள் பத்திரமாக இருக்கும். அதனால் எடுத்தாலும் தீராது.

இதிலும் தீனியின் தீனியைப் பாருங்கள். மாட்டுக்குப் பூச்சி மருந்து கொடுத்த வாரத்துச் சாணியைப் பானையில் போடாதீர்கள். உர மூட்டை, மருந்து மூட்டை வந்த கோணியும் வேண்டாம். சாயம் ஏறிய துணியை விட வெறும் கோணி நல்லது.

இன்னொரு முக்கியமான விஷயம். நம்ம ஊரில் நிறைய வீடு தறி வீடு. நான் முதல் பானையைக் கொண்டுவந்து தறி இருக்கும் அறையின் சுவர் ஓரமாக வைத்தேன். ஆயா பார்த்துவிட்டு, "கோழிக்குத் தீனி வைக்கறியா, இல்ல தறிக்கட்டைக்கு வைக்கறியா?" என்று கேட்டாங்க. கரையானுக்குச் சாணியும் ஒன்றுதான், மரக்கட்டையும் ஒன்றுதான். அது தறியில் ஏறினால் ஒரு குடும்பத்தின் சாப்பாடே போச்சு. அதனால் பானை வீட்டை விட்டு நன்றாகத் தள்ளி, தோட்டத்துக் கடைசியில்தான் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் பானைக்குள் இருப்பதை அங்கேயே வெயிலில் உலர்த்திவிட வேண்டும்.

5. பட்டுப்புழு சொல்லும் சாட்சி

தறி பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். நம்ம தறியில் ஓடும் பட்டும் ஒரு பூச்சி வளர்ப்பிலிருந்து வந்ததுதான். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்தில் பட்டுப்புழு வளர்க்கிறார்கள். தருமபுரியில் பட்டுக்கூடு விற்பதற்கென்றே அங்காடி இருக்கு. முட்டையிலிருந்து வரும் புழு நான்கு தடவை தோல் உரித்து, சுமார் நான்கு வாரத்தில் கூடு கட்டும். அதற்குள் அதன் எடை ஏறக்குறைய 10,000 மடங்கு ஆகிறது. அத்தனையும் மல்பெரி இலை மட்டும் தின்று.

பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்குப் பெரிய பயம் என்ன தெரியுமா? மருந்து பட்ட இலைதான். பக்கத்து நிலத்தில் அடித்த மருந்து காற்றில் வந்து மல்பெரி மேல் படிந்தாலே புழுக்கள் செத்துப்போகும். புகையிலைத் தோட்டம் பக்கத்தில் இருந்தாலும் ஆபத்து. மல்பெரிக்கே மருந்து அடித்தால், குறிப்பிட்ட நாள் கழிந்த பிறகுதான் இலையைப் பறித்துப் போடுவார்கள். நாள் எண்ணிக் காத்திருப்பது அவர்களுக்குப் பழக்கம்.

கூட்டிலிருந்து நூல் எடுத்த பிறகு உள்ளே இருக்கும் கூட்டுப்புழுவும் தீனிதான். உலர்த்தினால் பாதிக்குப் பாதி புரதம். மீனுக்கும் கோழிக்கும் தீவனத்தில் சேர்க்கிறார்கள். வெளிநாட்டில் பச்சோந்தி வளர்ப்பவர்கள் பட்டுப்புழுவை உயிரோடே அதற்குக் கொடுக்கிறார்கள். நமக்குக் கல்யாணப் புடவை, அதற்குக் காலைச் சாப்பாடு! நம்ம ஊருக்கு நூலாகத்தான் வருகிறது. அதனால் கூட்டுப்புழுவை நாம் பார்ப்பதில்லை.

6. குஞ்சோடு முடிகிற விஷயம் இல்லை

பெரிய உதாரணம் ஒன்று. செத்த மாடுகளைத் தின்று ஊரைச் சுத்தம் செய்த பாறு கழுகுகள் 1990-களில் தொடங்கி நம் நாட்டில் கூட்டம் கூட்டமாகச் செத்தன. வெண்முதுகுப் பாறு நூற்றுக்கு 99-க்கும் மேல் அழிந்துபோனது. காரணம், மாட்டுக்கு வலிக்காகப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற மருந்து. மாட்டுக்கு அது மருந்து. அந்த மாட்டைத் தின்ற கழுகுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. 2006-இல் மாட்டுக்கு அந்த மருந்தைத் தருவதை இந்தியா தடை செய்தது. தமிழ்நாட்டில் நீலகிரி மாவட்டத்து மாயாறு பள்ளத்தாக்குப் பக்கம் இன்னும் கொஞ்சம் பாறு கழுகுகள் இருக்கின்றன.

ஐரோப்பிய நாடுகளில் 2021-இல் கோழிக்கும் பன்றிக்கும் பூச்சிப் புரதத்தைத் தீவனமாகத் தரலாம் என்று அனுமதித்தார்கள். ஆனால் ஒரு கட்டுப்பாடு. அந்தப் பூச்சியையும் ஆடு மாடு மாதிரி வளர்ப்புப் பிராணியாகத்தான் கணக்கில் எடுக்கிறார்கள். அதற்கு எருவும் ஓட்டல் கழிவும் போடக்கூடாது. அவர்கள் சட்டம் போட்டுக் கேட்பதும் இதே கேள்விதான்: தீனியின் தீனி என்ன?

தெரிந்துகொள்ளுங்கள்!

பூச்சி மருந்து டப்பாவில் சாய்ந்த சதுரம் ஒன்று இருக்கும். அதன் கீழ்ப்பாதி நிறத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் மிகக் கடுமையான நஞ்சு. அடுத்தது மஞ்சள், அப்புறம் நீலம், கடைசியில் பச்சை. பச்சை என்றால் நஞ்சே இல்லை என்று அர்த்தம் இல்லை, மற்றதைவிடக் குறைவு, அவ்வளவுதான். காலி டப்பாவைக் கழுவிக் கோழிக்குத் தண்ணி வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

இன்னொன்று: பூச்சி போட்டால் நோய் வராது என்று நினைக்க வேண்டாம். கோழிக்கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து போட்டே ஆக வேண்டும். குஞ்சுக்கு முதல் சொட்டு மருந்து 7-ஆம் நாள். அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.

இப்போது எங்கள் வீட்டில்

இந்த முறை 10 முட்டை அடை வைத்தோம். 8 பொரிச்சது. ஒன்றைக் காக்கா தூக்கிக்கொண்டு போச்சு. 7 குஞ்சு றெக்கை கட்டி ஓடிக்கொண்டிருக்கு. நொய், கம்பு, கீரையோடு ஒருநாள் விட்டு ஒருநாள் கரையான் பானை. வெட்டுக்கிளி பிடிக்கவும் போகிறேன். ஆனால் முதலில் கொல்லைக்காரர்களிடம் கேட்டுவிட்டுத்தான் இறங்குகிறேன். கேட்டால் யாரும் திட்டுவதில்லை. "இன்னிக்கு வேணாம்மா, நேத்துதான் அடிச்சோம்" என்று அவர்களே சொல்கிறார்கள்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் அப்பாவோ அண்ணனோ நிலத்துக்கு மருந்து அடிக்கும் நாளில் வரப்பு முனையில் ஒரு குச்சி நட்டு, ஒரு சிவப்புத் துணியைக் கட்டச் சொல்லுங்கள். டப்பாவில் போட்டிருக்கும் நாள் கணக்கு முடிந்ததும் அவிழ்த்துவிடலாம். புல் அறுக்கிறவர்கள், ஆடு மேய்க்கிறவர்கள், பூச்சி பிடிக்க பாட்டிலோடு வரும் என்னைப் போன்றவர்கள் எல்லோரும் தூரத்திலேயே பார்த்துக்கொள்வோம். எங்கள் தெருவில் 3 வீட்டில் கட்ட ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். கிழிந்த சிவப்புத் துணி வேண்டுமென்றால் என்னிடம் கேளுங்கள், தருகிறேன்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி